காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே கூடாரத்தோடு ஐந்து நாள்: எந்த இரவு கூடாரத்தை நம்பலாம்?

கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கும்பகோணத்தில் இருக்கும் கணவன் மனைவி. சொந்தமாக ஒரு சின்ன ஹேட்ச்பேக் கார். இருவர் படுக்கிற டோம் கூடாரம். தை மாதக் கடைசியில் ஐந்து நாள் விடுமுறை. முக்கொம்பில் பிரிந்து, ஸ்ரீரங்கத்தைத் தீவாக்கி, கல்லணையருகே நெருங்கி வந்து மறுபடி விலகிப் போகும் கொள்ளிடத்துக்கும் காவிரிக்கும் இடையே, கடல் வரை நீளும் அந்த நிலத்தை ஒரு சுற்று சுற்ற வேண்டும். நான்கு இரவும் கூடாரம். செல்போன் ஒரு நாள் மழை என்கிறது, மறுநாள் வெயில் என்கிறது, போகலாமா, எந்த வழியாகப் போவது, மழை பிடித்துக்கொண்டால் காரிலேயே படுக்கலாமா என்பது கேள்வி. வழி ஒரு பொருட்டே இல்லை. மொத்தச் சுற்றே ஏறக்குறைய 300 கிலோமீட்டர்தான். நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள வேண்டியது, எந்த இரவு கூடாரம் போடலாம், எந்த இரவு பேசாமல் லாட்ஜில் அறை எடுக்க வேண்டும், அதை மாலை நாலு மணிக்குள் எப்படி முடிவு செய்வது என்பதுதான்.

டெல்டாவில் தண்ணீர் இரண்டு பக்கமிருந்து வரும். ஒன்று வானத்திலிருந்து, இன்னொன்று மேட்டூரிலிருந்து. இரண்டுக்கும் காலம் வேறு. மேட்டூர் வழக்கமாக ஜூன் 12 திறந்து ஜனவரி 28 மூடப்படும். கர்நாடகத்தில் தென்மேற்குப் பருவமழை கொட்டி அணை நிரம்பினால், ஆடி ஆவணியில் உபரி நீர் முழுக்கக் கொள்ளிடத்தில்தான் திருப்பப்படும். 2018 ஆகஸ்டில் முக்கொம்புக் கொள்ளிடக் கதவணையில் 9 மதகுகள் அடித்துப்போனது அப்படியொரு வெள்ளத்தில்தான். உள்ளூர் மழைக்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. 2022 நவம்பர் 11 அன்று சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் பெய்தது. கஜா புயல் கரை கடந்தது 2018 நவம்பர் 16. ஆகவே ஆடியிலும் ஐப்பசி கார்த்திகையிலும் இந்தச் சுற்றுக்குக் கூடாரம் வேண்டாம் என்று தயங்காமல் சொல்லலாம். நீங்கள் தேர்ந்திருக்கும் தைக் கடைசி பெரும்பாலான ஆண்டுகளில் காய்ந்தே இருக்கும். ஆனால் 2021 ஜனவரியிலும் 2023 பிப்ரவரி முதல் வாரத்திலும் அறுவடைக்கு நின்ற சம்பா நெல் சாயும் அளவுக்கு மழை பெய்ததை டெல்டாக்காரர்கள் மறக்கவில்லை. மாசி நடுவுக்குத் தள்ளிப்போட முடிந்தால் இன்னும் நல்லது. முடியாதென்றால் இதே தேதியில் போகலாம், கீழே சொல்லும் ஏற்பாட்டோடு.

செல்போனில் வரும் மழைப் படத்தை விட, சென்னை வானிலை ஆய்வு மையத்தின் தமிழ் அறிக்கையில் உள்ள நாலைந்து சொற்களைப் படிக்கப் பழகுங்கள். "ஓரிரு இடங்களில்" என்றால் அந்தப் பகுதியில் கால்வாசி இடத்துக்குள் மட்டுமே மழை. "ஒருசில இடங்களில்" என்றால் பாதி வரை. "அநேக இடங்களில்" முக்கால்வாசி வரை. "பெரும்பாலான இடங்களில்" என்றால் தப்பிக்க வழியில்லை. அளவும் அப்படித்தான்: கனமழை என்பது 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 7 முதல் 11 சென்டிமீட்டர், மிக கனமழை 12 முதல் 20, அதற்கு மேல் அதிகனமழை. "ஓரிரு இடங்களில் லேசான மழை" என்ற இரவில் தாராளமாகக் கூடாரம் போடலாம். "ஒருசில இடங்களில் மிதமான மழை" என்றால் நல்ல மேட்டு இடமும் மேலே தார்ப்பாயும் இருந்தால் போடலாம். கனமழை என்ற சொல் மயிலாடுதுறை, நாகை, தஞ்சை என எந்த மாவட்டத்தின் பெயரோடு வந்தாலும் அன்று அறைதான். இன்னொன்று: தை மாசி மழைக்குப் பெரும்பாலும் புயல் காரணமாக இருக்காது. "கிழக்கு திசை காற்றின் வேக மாறுபாடு காரணமாக" என்று அறிக்கையில் ஒரு வரி வரும். பார்க்கச் சாதாரணமாக இருக்கும். கரையோரத்தில் இரவு முழுக்க நசநசவென்று பெய்ய அதுவே போதும். நாகப்பட்டினம், காரைக்கால் துறைமுகங்களில் 3-ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிவிட்டார்கள் என்றால் கடற்கரை இரவு ரத்து. பகலில் வானம் வெளுத்திருக்கிறதே என்று பார்க்காதீர்கள். இந்தக் கரையில் பருவக்காற்று மழை நள்ளிரவுக்கு மேல் தொடங்கி விடிவதற்குள் வலுப்பதே வழக்கம். மாலை ஆறு மணி வானத்தை வைத்து இரவைக் கணிக்க முடியாது. மூன்று மணி நேர முன்னறிவிப்பையும் காரைக்கால் ரேடார் படத்தையும் படுக்கப்போகும் முன் ஒரு தடவை பாருங்கள். கடலிலிருந்து மேற்கே நகரும் மேகக் கூட்டம் இருந்தால் அப்போதே கழற்றிவிடுங்கள். இரண்டு மணிக்கு நனைந்துகொண்டே கழற்றுவது மகா கொடுமை.

இதிலிருந்துதான் பயண வரிசை வருகிறது. எல்லோரும் கல்லணையில் தொடங்கி ஆற்றோடு இறங்கிக் கடலில் முடிப்பார்கள். கேட்க அழகாக இருக்கும், வானிலைக்கு ஒவ்வாது. முன்னறிவிப்பு முதல் இரண்டு மூன்று நாளுக்குத்தான் உறுதி. ஐந்தாம் நாளைப் பற்றிச் சொல்வது திசைகாட்டி, அவ்வளவே. காற்றும் மழையும் அதிகம் அடிபடும் இடம் கடற்கரை. எனவே உறுதியான முதல் இரண்டு இரவுகளைக் கடற்கரைக்குக் கொடுத்துவிட்டு மேற்கே திரும்புங்கள். கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை வழியாகப் பூம்புகார், அன்றிரவு பூம்புகார் திருமுல்லைவாசல் பக்கம். மறுநாள் கொள்ளிடம் கடலில் சேரும் பழையாறு வரை போய் வந்து இரண்டாம் இரவு சீர்காழி சுற்றுவட்டாரம். மூன்றாம் நாள் கொள்ளிடத்தின் தென்கரையை ஒட்டி அணைக்கரை என்கிற கீழணை, இரவு திருப்பனந்தாள் பக்கம். நான்காம் இரவு கபிஸ்தலம் திருவையாறு படுகைப் பகுதி, அதாவது ஆற்றையொட்டிய நிலம். ஐந்தாம் நாள் கல்லணை பார்த்துவிட்டு வீடு. இதில் எந்த இரவும் அரை மணி, மிஞ்சினால் முக்கால் மணி நேரத்தில் ஒரு நல்ல லாட்ஜ் உள்ள ஊருக்கு வந்துவிடலாம்: கிழக்கே வைத்தீஸ்வரன்கோயில், சீர்காழி, நடுவே கும்பகோணம், அதாவது உங்கள் வீடே, மேற்கே தஞ்சாவூர். கிளம்பும் முன் ஒவ்வொன்றிலும் ஒரு லாட்ஜின் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முகூர்த்த நாளா என்றும் பாருங்கள்; தையில் முகூர்த்தம் வந்தால் அறை கிடைக்காது.

கூடாரம் போடும் இடம்தான் நீங்கள் மிக அதிகம் யோசிக்க வேண்டியது. ஏற்பாடான முகாம் மைதானம் என்று இந்தச் சுற்றில் எதையும் நம்பிப் போக வேண்டாம். ஜனவரி 28-க்குப் பிறகு காவிரியும் கொள்ளிடமும் மணல் விரித்துக் கிடக்கும், பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கும். ஆற்றுக்குள் போடாதீர்கள். அணை மூடியிருக்கும்போது திடீர் வெள்ளத்துக்கு வாய்ப்புக் குறைவு என்பது சரி. ஆனால் மணல் அள்ளிய பள்ளங்கள், அதில் தேங்கிய ஆழமான தண்ணீர், இரவில் விளக்கணைத்து ஓடும் மணல் வண்டிகள், அதைப் பிடிக்க வரும் போலீஸ் என்று தொல்லைகள் வேறு வகை. கொள்ளிடத்தில் முதலையும் உண்டு. அணைக்கரை, அங்கிருந்து பிரியும் வடவாறு, சிதம்பரம் பக்கத்துப் பழைய கொள்ளிடம் ஆகியவற்றில் ஆட்களை இழுத்துப்போன சம்பவங்கள் நடந்திருக்கின்றன. கோடையில் மடுக்களில் ஒதுங்கும் முதலைக்கு நாம் குளிக்கிறோமா, பாத்திரம் கழுவுகிறோமா என்ற பேதம் கிடையாது. கொள்ளிடத்துக்குள் இருக்கும் நாதல்படுகை, முதலைமேடுதிட்டு, வெள்ளமணல் போன்ற திட்டுக் கிராமங்கள் வெள்ளத்தின்போது ஊரோடு முகாமுக்குப் பெயர்பவை. பகலில் போய்ப் பாருங்கள், இரவு தங்கும் இடமாக வைக்க வேண்டாம்.

படுகைத் தோப்புகள்தான் சரியான இடம், அதுவும் உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு. இருட்டிய பிறகு போய்க் கேட்டால் யாரும் சம்மதிக்க மாட்டார்கள். நாலு மணிக்குக் கணவன் மனைவி இருவருமாகப் போய், எத்தனை மணிக்குக் கிளம்புவோம் என்பதையும் சேர்த்துச் சொல்லிக் கேளுங்கள். தென்னைக்குக் கீழே கூடாது, மட்டையோ காயோ விழுந்தால் கூடாரத் துணி தாங்காது. மூங்கில் புதரை ஒட்டி வேண்டாம், பாம்பு. மாந்தோப்பு நல்லது. வாழைத்தோட்டத்து ஓரம் என்றால் ஒரு கேள்வியை மறக்காமல் கேளுங்கள்: "ராத்திரி தண்ணி பாய்ச்சுவீங்களா?" மும்முனை மின்சாரம் எந்த நேரம் வருகிறதோ அந்த நேரம்தான் மோட்டார் ஓடும், பல இடங்களில் அது நடுராத்திரி. மழையே இல்லாத இரவில் கூடாரத்துக்கு அடியில் தண்ணீர் ஏறுவது இப்படித்தான். நெற்களம் மேடாகச் சிமெண்டு போட்டிருக்கும், ஆனால் தையில் அது நெல்லுக்குச் சொந்தம், கேட்கவே வேண்டாம். அறுத்த வயலில் போடலாமே என்று தோன்றும். காய்ந்த களிமண் வெடித்திருக்கும். ஒரு மழை பெய்தால் அது பசையாகிவிடும், டெல்டாவில் சரிவு இல்லாததால் நின்ற தண்ணீர் வடிய நாள் கணக்காகும். காரும் அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

கடற்கரையில் மீனவர் ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் சொல்லாமல் எதுவும் செய்யாதீர்கள். அவர்கள் சரி என்றால் அந்த இரவுக்கு அதைவிடப் பாதுகாப்பு கிடையாது. வேண்டாம் என்றால் வாதாடாமல் கிளம்பிவிடுங்கள், இது ஆளைப் பொறுத்து மாறும். கடலோரப் பாதுகாப்புக் குழுமப் போலீஸ் இரவில் ரோந்து வரும். ஆதாரைக் கையில் வைத்திருங்கள், போகும் முன்பே உள்ளூர் காவல் நிலையத்துக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமை என்கிற கடலாமை முட்டையிடக் கரையேறும் காலம். ஆகையால் மணலில் கார் இறக்கக் கூடாது, கடலைப் பார்த்து விளக்கு அடிக்கக் கூடாது. முன்சக்கர இழுவைச் சின்னக் கார் மணலில் பத்தடி போனாலே புதைந்துவிடும் என்பதால் முதல் விதியைத் தானாகவே கடைப்பிடிப்பீர்கள். கூடாரத்தை அலைக்கோட்டிலிருந்து தள்ளி, சவுக்குத் தோப்புக்கு மேற்குப் பக்கம் போடுங்கள்.

இனிக் கூடாரம். டோம் கூடாரத்தில் வெளித்துணி தரை வரை இறங்குகிறதா என்று முதலில் பாருங்கள். உச்சியில் தொப்பி மாதிரி மட்டும் இருந்தால் கிழக்கிலிருந்து சாய்ந்து அடிக்கும் மழை வலை வழியாக நேராக உள்ளே வரும். அதற்கு 12-க்கு 15 அடித் தார்ப்பாய் ஒன்று கட்டாயம். இரண்டு மரத்துக்கு நடுவே ஒரு கயிறு இழுத்து அதன் மேல் போடுங்கள். கிழக்குப் பக்கம் தரையிலிருந்து ஒரு அடி உயரம் வரை தாழ்த்தி, மேற்குப் பக்கம் தூக்கிக் கட்டுங்கள். இந்த மாதங்களில் வாடையும் கொண்டலும்தான் காற்று. கூடார வாசல் மேற்கையோ தென்மேற்கையோ பார்க்க வேண்டும். தரைவிரிப்பு கூடாரத்தின் அடியைவிட நாலு பக்கமும் இரண்டு விரற்கடை சின்னதாக இருக்கட்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைநீரைப் பிடித்து அடியில் கொண்டுவந்து சேர்க்கும், "புதுக் கூடாரம் ஒழுகுகிறது" என்ற புகாரில் பாதி இதனால் வருவது. கூடவே தரும் மெல்லிய முளைகள் இங்கே எதற்கும் உதவாது. கம்பிக் கடையில் 8 மில்லிமீட்டர் முறுக்குக் கம்பியை ஒன்றரை அடித் துண்டுகளாகப் பத்து வெட்டி, ஒரு முனையை வளைத்து வாங்குங்கள். தலை கூடாரத்துக்கு எதிர்ப்புறம் சாயும்படி அடியுங்கள். கடல் மணலில் அதுவும் நிற்காது. அங்கே வெறும் உரச்சாக்கில் பாதி மணல் நிரப்பி, கழுத்தில் கயிறு கட்டி, ஒன்றரை அடி ஆழத்தில் புதைத்து மிதித்து மூட வேண்டும். நாலு மூலைக்கும் நாலு சாக்கு. நைலான் கயிறு நனைந்தால் தளரும், ஆகவே மழை தொடங்கிய அரை மணியில் ஒரு தடவை வெளியே வந்து இழுத்துக் கட்டியே ஆக வேண்டும். மழை இல்லாத இரவிலும் தைப்பனியில் உள்ளே சொட்டும். அது ஒழுகல் இல்லை, உங்கள் மூச்சின் ஈரம். மேல் சாளரத்தைத் திறந்து வைத்தால் பாதியாகக் குறையும். உறங்கும் பை தேவையில்லை, கோரைப்பாயின் மேல் மெல்லிய மெத்தையும் ஒரு போர்வையும் போதும்.

அறுவடைக் காலத்தில் எலியைத் தேடிப் பாம்பு வெளியே வரும். இந்தப் பக்கம் கவனிக்க வேண்டியவை நல்லபாம்பு, கண்ணாடி விரியன், கட்டுவிரியன். கட்டுவிரியன் தரையில் படுத்தவர்களை இரவில் கடிப்பது. கடி வலிக்காமலே போகலாம், விடியற்காலம் வயிற்றுவலி, இமை தூக்க முடியாமை என்று காட்டும். தரைத்துணியும் சேர்த்துத் தைத்த கூடாரமும் முழுக்க இழுத்த ஜிப்பும் இதற்கு நல்ல காப்பு. செருப்பை உள்ளே வையுங்கள், இரவில் டார்ச் இல்லாமல் கால் கீழே வைக்காதீர்கள். கடித்துவிட்டால் கீறாமல், இறுக்கிக் கட்டாமல், கையையோ காலையோ அசைக்காமல் வைத்து 108-ஐ அழையுங்கள், அரசு மருத்துவமனைக்குப் போங்கள். கொசுவர்த்தியைக் கூடாரத்துக்குள் கொளுத்துவதும், அடுப்பை உள்ளே வைப்பதும் கூடவே கூடாது. கரையோரத்தில் பல இடங்களில் நிலத்தடி நீர் உப்பு, எனவே 20 லிட்டர் கேன் இரண்டை மயிலாடுதுறையிலேயே ஏற்றிக்கொள்ளுங்கள்.

சாலையில் மழையை விட நெல்லுக்கு அதிகம் பயப்படுங்கள். பாதிச் சாலையில் நெல் காயும், ஓரத்தில் அடையாளத்துக்குக் கல் வைத்திருப்பார்கள், இருட்டில் தெரியாது. வைக்கோல் பரப்பிய இடத்தில் வண்டியை நிறுத்தாதீர்கள், சூடான புகைக்குழாயில் பட்டால் பற்றும். அறுவடை இயந்திரம் வயலிலிருந்து ஏறிய இடத்தில் தாரின் மேல் களிமண் அப்பியிருக்கும். லேசான தூறலிலேயே சக்கரம் வழுக்கும். விடியற்காலைப் பனிமூட்டத்தில் ஓட்ட வேண்டாம், எட்டு மணிக்குக் கிளம்பினால் போதும். கொள்ளிடக் கரைச் சாலை ஒரு வண்டி போகும் அகலம்தான், எதிரே டிராக்டர் வந்தால் யாராவது ஒருவர் பின்னால் போக வேண்டியிருக்கும். மழை பெய்த மறுநாள் அதைத் தவிர்த்து உள்சாலையில் போங்கள். தரைப்பாலத்தின் மேல் ஓடும் தண்ணீர் ஒரு அடி இருந்தாலே சின்னக் காரைத் தூக்கிவிடும். தண்ணீரில் இன்ஜின் நின்றுவிட்டால் மறுபடி சாவியைத் திருப்பாதீர்கள், உள்ளே போன தண்ணீர் இன்ஜினின் கனெக்டிங் ராடை வளைத்துவிடும். தள்ளி மேடேற்றி மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். வெள்ளம், சாலைத் துண்டிப்பு பற்றிக் கேட்க மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077.

கடைசிக் கேள்வி, காரில் படுப்பது. ஒரு இரவுக்கு ஆகும், அதுவும் மின்னலோடு மழை வந்தால் கூடாரத்தை விடக் காரே மேல். பெட்ரோல் பங்க் வளாகம் மாதிரி மேடான, மரமில்லாத இடத்தில் கேட்டு நிறுத்துங்கள், காரின் முகம் கிழக்கே இருக்கட்டும். எதிரெதிர் பக்கத்துக் கண்ணாடி இரண்டை ஒரு விரற்கடை இறக்கி வையுங்கள். மழைத் தடுப்பு வைசர் மாட்டியிருந்தால் சாரல் வராது, கொசுவலைத் துணியைக் கதவோடு சேர்த்து மூடினால் கொசுவும் வராது. ஏசிக்காக இன்ஜினை ஓடவிட்டுத் தூங்கவே கூடாது. நின்ற காரில் கார்பன் மோனாக்சைடு உள்ளே ஏறினால் வாசனை இருக்காது, தூக்கத்தில் தெரியவும் தெரியாது. புகைக்குழாய் தண்ணீரிலோ சேற்றிலோ மூழ்கியிருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். பின்சீட்டை மடித்தாலும் ஐந்தரை அடிக்கு மேல் உள்ளவர் கால் நீட்ட முடியாது, பைகளை முன்சீட்டுக்கு மாற்றிவிட்டுக் குறுக்காகப் படுக்க வேண்டும். இரண்டாவது இரவும் மழை என்றால் காரை லாட்ஜுக்கு விடுங்கள், நனைந்த கூடாரத்தை அறையில் விரித்து மின்விசிறியில் காயப் போடுங்கள். சுருட்டியபடி இரண்டு நாள் கிடந்தால் பூசணம் பிடிக்கும்.